பிரித்த வீட்டு மரம்

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுத்துப் பார்த்தேன். பாட்டனார் காலத்துச் சாய்வு நாற்காலி ஒன்று. அதன் துணி மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த இரும்பு பீரோ ஒன்று. விருந்தினர் எண்ணிக்கைக்கேற்ப அடுக்கியும் பிரித்தும் கொள்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆறு. இணையத்தில் வாங்கித் திருகாணிகளை நாங்களே முடுக்கி நிறுத்திய புத்தக அலமாரி ஒன்று. முதல் மழைக்காலம் முடிவதற்குள் அதன் அடித்தட்டு உப்பிவிட்டது. இவற்றுக்கு நடுவில், செட்டிநாட்டுப் பக்கம் எங்கோ ஒரு வீட்டைப் பிரித்தபோது கழன்று வந்த கதவொன்றைக் கிடத்தி, நான்கு கால் கொடுத்துச் செய்த மேசை.

அந்த மேசையைச் செய்துகொடுத்த ஆசாரியார் எழுபதைத் தொட்டவர். கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டினார். பிறகு உளியைக் கையில் எடுக்காமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"மரம் வைரம் தம்பி, அதில ஒரு குத்தமும் இல்ல. ஆனா இது பிரிச்ச வீட்டு மரம். யாரு வீடுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. மூன்று கை மாறி வந்த கதவு அது. பதில் இல்லாமல் நான் நின்றதைப் பார்த்து அவரே சமாதானம் செய்துகொண்டார். பழைய மரத்தைப் புது மனையில் நிலையாக வைத்தால்தான் தோஷமாம், மேசைக்குப் பாதகமில்லையாம். (இந்த விதிவிலக்கு எந்த நூலில் இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. வேலை நடக்க வேண்டுமே.)

பழையதையும் புதியதையும், கழித்ததை மீண்டும் உருமாற்றியதையும் ஒரே அறையில் கலந்து வைப்பதை ஒரு புதிய ரசனையாக இன்றைய வீட்டு அலங்கார இதழ்கள் பேசுகின்றன. எந்த நிறத்துக்கு எந்த மரம் பொருந்தும், பழைய கட்டிலின் பக்கத்தில் எப்படிப்பட்ட விளக்கு அழகு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆசாரியார் கேட்ட கேள்வி மட்டும் அவற்றில் வருவதில்லை. நம்மிடம் வந்து சேர்கிற ஒவ்வொரு பழைய பொருளும், எங்கோ ஒரு வீடு கலைந்த பிறகே வருகிறது. மதுரையில் இருந்துகொண்டு இதை யோசித்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்த ஊரின் சரித்திரத்தில் பாதி, பிரித்ததும் எடுத்துப்போனதும் மறுபடி சேர்த்ததும்தான்.

மிகப் பழைய சாட்சியிலிருந்து தொடங்கலாம். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையின் பள்ளியறையில் இருக்கும் வட்டக் கட்டிலை நின்று நிதானமாக வருணிக்கிறது. அந்தக் கட்டில் யானைத் தந்தத்தால் ஆனது. எந்த யானை? நாற்பது வயது நிரம்பிய, போர்க்களத்தில் பொருது மாய்ந்த யானை. தந்தத்துக்காகக் கொல்லப்பட்டதன்று, போரில் வீழ்ந்த பின் எஞ்சிய கொம்பைத் தச்சன் செதுக்கிச் செம்மை செய்திருக்கிறான். மன்னன் பாசறையில் இருக்க, அந்தக் கட்டிலில் அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். ஒரு போரில் எஞ்சியதன்மீது படுத்து அடுத்த போர் முடியக் காத்திருக்கும் பெண். பாட்டை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கட்டில் எதனால் செய்யப்பட்டது என்பதற்கும் அவள் ஏன் தூங்கவில்லை என்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று இந்த மேசை வந்த பிறகுதான் தோன்றியது. நக்கீரர் அதைச் சொல்லவில்லை. தந்தத்தின் வரலாற்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

முரசின் கதையும் இதைப் போன்றதே. பகைவரின் காவல்மரத்தை வெட்டி அதில் முரசு செய்வது சங்க கால வேந்தர் வழக்கம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்ததைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. அவ்வாறு வந்த முரசுக்கென ஒரு கட்டிலும் உண்டு. அது முரசுக்குரியது என்று அறியாமல் மோசிகீரனார் ஏறித் தூங்கிவிட்டார். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்காமல் கவரி வீசினான் என்ற புறநானூற்றுச் செய்தியை வாசகர்கள் அறிவார்கள். அறைகலன் வெறும் மரமன்று, அதன் பின்னால் யாருடைய வெற்றியோ தோல்வியோ இருக்கிறது என்பது அன்றே தெரிந்திருந்தது என்பதற்காகவே இதை இங்கே நினைவூட்டுகிறேன்.

இனி நாயக்கர் காலம். திருமலை நாயக்கர் அரண்மனை 1636ஆம் ஆண்டுக் கட்டடம். இன்று நாம் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்ப்பது அதன் கால் பங்கு அளவே என்று சொல்வார்கள். மீதி எங்கே போனது? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் (ஆட்சிக் காலம் 1659 - 1682) தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அப்போது தாத்தாவின் மாளிகையைப் பிரித்து, எடுத்துச் செல்லத்தக்க சிற்ப வேலைப்பாடுகளையும் மரங்களையும் புதிய ஊருக்குக் கொண்டுபோனார் என்பது வழிவழியாக வரும் செய்தி. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய பெருந்தூண்களைப் பெயர்க்க முடியாது. அவை நின்றன. கழற்ற முடிந்தவை போயின.

திருச்சியில் சொக்கநாதர் கொலுவீற்றிருந்த மண்டபம், இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கி, இன்று அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. மதுரையிலிருந்து போன பொருள்களை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தாத்தாவின் வீட்டைப் பிரித்த பேரனிடமும் அந்தப் பொருள்கள் தங்கவில்லை. ஒருவகையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாகப்பிரிவினை இதுதான். பங்கு கேட்க வேறு ஆள் இல்லாத பாகப்பிரிவினை.

எஞ்சியதும் சும்மா இருக்கவில்லை. விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் பத்துத்தூண் சந்து இருக்கிறதே, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நுழைந்தால் வெளியே வர அரை மணி நேரம் ஆகும் சந்து. அந்தப் பத்துக் கல்தூண்களும் அரண்மனைப் பகுதியைச் சேர்ந்தவை. கூரை இல்லை, தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கடைகள் அவற்றைச் சுற்றி முளைத்துவிட்டன. சிறுவயதில் அந்தச் சந்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது தூண்கள் கடைகளுக்காக நடப்பட்டவை என்றே நினைத்திருந்தேன். அரண்மனையின் எஞ்சிய கட்டடமோ பழுதுபட்டுக் கிடந்து, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் செப்பனிடப்பட்டது. நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றம் அதற்குள் இயங்கியது. நாயக்கர் கொலு மண்டபத்தில் சொத்துப் பாகப்பிரிவினை வழக்குகளும் நடந்திருக்கும் என்று எண்ணும்போது சிரிப்பு வருகிறது.

கோட்டைச் சுவர் போனது அதற்குச் சற்று முன்பு. 1840களை ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன், ஊர் நெரிசலால் மூச்சுத் திணறுவதைக் கண்டு மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். மதிலைச் சமப்படுத்தி அகழியை நிரப்ப முன்வந்தவர்களுக்கு அந்த நிலமே மனையாகக் கிடைத்தது. அந்த வேலையில் ஈடுபட்ட மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயர்களாக நிலைத்துவிட்டார்கள். பிளாக்பர்ன் விளக்குத்தூணாக நிற்கிறார். பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு கொத்தளம் மட்டும் தப்பியது. இடித்த மதிலின் கற்கள் எந்தெந்த வீட்டு அடித்தளத்தில் கிடக்கின்றன என்பதை அந்தந்த வீட்டாரே அறியமாட்டார்கள்.

கட்டடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் வருவோம்.

உண்மையில் நம் வீடுகளுக்குள் கலப்பதற்கு அறைகலன்கள் அதிகம் இருந்ததில்லை. உட்காரத் திண்ணை, சாப்பிட மணை, படுக்கப் பாய், விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். வசதியிருந்தால் ஊஞ்சல், கட்டில், பத்தாயம், மரப்பெட்டி. மீதியெல்லாம் வந்தவை, வந்த வழியைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. மேசை போர்த்துக்கீசியம். அலமாரி போர்த்துக்கீசியம். ஜன்னலும் சாவியும் அப்படியே. பீரோ பிரெஞ்சுக்காரர் சொல், ஆங்கிலத்தின் வழியாக வந்தது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஏலம். அதுவும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்ததே. மேசையும் அலமாரியும் வந்த கப்பலிலேயே அவற்றை விற்றுக் கைமாற்றும் முறையும் வந்து இறங்கிவிட்டது! பின்னாளில் கும்பினி உத்தியோகஸ்தர் ஒருவர் இறந்தாலோ ஊர் திரும்பினாலோ அவருடைய தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் ஏலத்துக்கு வரும். வட்டமேசை, சாய்வு நாற்காலி, நிலைக்கண்ணாடி என்று துரைமார் வீட்டுப் பொருள்கள் உள்ளூர்க்காரர் கூடங்களுக்குள் நுழைந்த வழிகளில் இது முக்கியமானது. ஆக, நம் ஊரில் ஐரோப்பிய அறைகலன் பலருக்குப் பழையதாகவே அறிமுகமானது.

அந்த அறிமுகத்தின் கூச்சத்தை கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையைவிடச் சிறப்பாக யாரும் எழுதிவிடவில்லை. நாற்காலி இல்லாத வீட்டுக்கு ஒரு சப்-ஜட்ஜ் விருந்தாளியாக வந்து முக்காலியிலிருந்து விழுந்துவிட, வீட்டார் கூடிப் பேசி நாற்காலி செய்யச் சொல்கிறார்கள். வந்த பிறகு ஊரில் சாவு விழும்போதெல்லாம் பிணத்தை உட்காரவைக்க அதைத்தான் இரவல் கேட்கிறார்கள். போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள் பிறகு அதன் பக்கமே போவதில்லை. நகைச்சுவைக் கதை என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால், தனக்கு முன்னால் அதில் அமர்ந்தவர் யார் என்ற கேள்வி ஒரு பொருளோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதே அந்தக் கதை. ஆசாரியாரின் தயக்கமும் அதுதான்.

இப்போது என் கதவு வந்த ஊருக்குப் போகலாம். மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குச் சட்டிகள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்கள், கடிகாரங்கள், உருளிகள், கதவுகள், தூண்கள். பித்தளைப் பாத்திரங்களைப் புரட்டினால் பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டியிருக்கும். எந்த வீட்டுப் பெண்ணுக்குச் சீராகப் போனது, எந்தக் குடும்பத்துச் சொத்து என்பதற்கான அடையாளம் அந்த எழுத்துகள். பங்காளி வீட்டு விசேஷத்துக்கு இரவல் போனால் தவறாமல் திரும்பி வருவதற்காகவும் வெட்டினார்கள். திரும்பி வரவே முடியாத இடத்துக்குப் போன பிறகும் பெயர் மட்டும் இருக்கிறது.

அந்த வீடுகள் எழுந்த கதை பர்மாவில் தொடங்குகிறது. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்பும் காடும் நெல்வயலாயின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அகன்றது. வயலைத் திருத்த உழவனுக்கு முதல் வேண்டும், வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்காது, நகரத்தார் கொடுத்தார்கள். அதே காலத்தில் பெகு மலைக்காடுகளின் பொறுப்பை 1856இல் ஏற்ற பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், காடெரித்துப் பயிரிடும் கரேன் குடிகளைக் கொண்டே தேக்குத் தோட்டங்களை வளர்க்கும் முறையைப் புகுத்தினார். அவர்கள் தம் பயிருக்கு நடுவே தேக்கை நட்டார்கள். இரண்டொரு ஆண்டில் இடம் பெயர்ந்தார்கள். மரம் அரசாங்கத்துக்கு நின்றது. தேக்கு வெட்டும் வயதுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், செட்டிநாட்டுத் தூண்களாக வந்தவை பெரும்பாலும் அதற்கும் முந்திய இயற்கைக் காட்டின் மரங்களாகவே இருக்கும்.

வட்டிக்கடையில் சேர்ந்த செல்வம் மரமாகவும் ஊர் திரும்பியது. வளவைச் சுற்றி ஒரே மரத்தில் கடைந்த தூண்கள், லட்சுமி செதுக்கிய நிலைகள், பெட்டகங்கள். கூடவே இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானிய ஓடு, கையால் வார்த்த ஆத்தங்குடித் தரைக்கல். 'கலப்பு அலங்காரம்' என்று இன்று பெயர் சூட்டுவதை அந்த வீடுகள் நூறாண்டுக்கு முன்பே செய்து முடித்துவிட்டன. முகப்பில் ஆங்கிலேய பாணி நாற்காலிகளும் வட்டமேசையும். பட்டாலையில் வெறும் பாய். வெளியாருக்கு எது, வீட்டாருக்கு எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

பிறகு சரிவு. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்கள் வசம் இருந்தது. 1938இல் 25 விழுக்காடு. காகிதத்தில் இது பெருஞ்சொத்து. பர்மிய உழவனின் பார்வையில் தன் நிலம் அந்நியனிடம் போன கதை. தூண்களின் அழகில் மயங்கும்போது இந்த இரண்டாவது பார்வையையும் மறக்கலாகாது. கலைந்த வீடு என்று நாம் வருந்தும் வீட்டுக்குப் பின்னாலும் கலைந்த குடிசைகள் இருந்தன. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பலர் நடந்தே, வழியிலேயே மாண்டார்கள். 1948இல் பர்மா விடுதலையடைந்து, அதே ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962இல் ராணுவ ஆட்சி; 1964இல் கடைகள் நாட்டுடைமையாகி, அதுவரை தங்கியிருந்தவர்களும் கப்பலேறினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கூலிகளும் சிறு வியாபாரிகளும். நகை, பணம் எதையும் கொண்டுவர விடாமல் வெறுங்கையோடு அனுப்பப்பட்டார்கள். பர்மாவிலிருந்து மரம் முழுதாக வந்து சேர்ந்தது. மனிதர்கள் அப்படி வரவில்லை.

வருமானம் நின்றபோது வீடுகள் நின்றன. ஆனால் அவை ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் இரட்டை வீடு. தலைமுறைதோறும் பங்குகள் பெருகின. ஐம்பது பேர் பங்குதாரராக இருக்கும் மாளிகையில், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடி ஓடு மாற்றுவதற்கும் சுண்ணாம்படிப்பதற்கும் பங்கு போட வேண்டும். ஒருவர் மறுத்தால் மழைநீர் உள்ளே வரும். கட்டடத்தை வெட்டிப் பங்கிட முடியாது, பணத்தைப் பங்கிடலாம். ஆகவே, மரவியாபாரியை அழைத்தார்கள். ஓட்டை இறக்கி, கைமரத்தைக் கழற்றி, உத்தரத்தை இறக்கி, நிலையைப் பெயர்த்து, கடைசியாகத் தூண். கட்டிய வரிசைக்கு நேர் தலைகீழான வரிசை. ஆணியை நம்பாமல் துளைக்குள் முனையைச் செருகிப் பூட்டிய வேலை என்பதால் பிரிப்பதும் சுலபமாக இருந்தது. பழைய தச்சர்கள் திறமையாகச் செய்ததே வீட்டுக்கு வினையாயிற்று.

இந்தச் சந்தையை வெளியிலிருந்து இரண்டு செய்திகள் சூடேற்றின. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மியான்மர், தேக்கைக் கட்டைகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. காட்டில் கிடைக்காத பழம்பர்மாத் தேக்கு இனி வீடுகளில் மட்டுமே கிடைக்கும் என்றாயிற்று. வைரம் பாய்ந்து, நூறாண்டு காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம். புது மரம் வாங்கினால் ஆறு மாதத்தில் கதவு இழுக்கும், இது இழுக்காது. உள்ளே ஒளிந்திருக்கும் பழைய ஆணிகள் ரம்பத்தின் பல்லைக் கொண்டுபோகும் என்பதுதான் ஆசாரிமார் சொல்லும் ஒரே புகார். நின்றுகொண்டிருக்கும் வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு விலை கூடுதல் என்ற நிலை வந்துவிட்டால் எந்த வீடு நிற்கும்?

எல்லாப் பிரிப்பும் ஒரே மாதிரியானவை என்று சொல்லமாட்டேன். முட்டுக்காட்டில் டெபோரா தியாகராஜன் முன்னின்று உருவாக்கி 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில், இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, அதே முறையில் திரும்பப் பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அங்குள்ள செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் தூண் தூணாகவே இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. ஆனால் என்னைப் போன்ற நடுத்தர வர்க்கத்து ஆசாமி வாங்குவது வீட்டை அன்று, துண்டை. தூணின் மேல் கண்ணாடி வைத்தால் முக்காலி. ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடி பதித்தால் அலங்காரம். பத்தாயத்துப் பலகை பெஞ்சு. பயன் தொடர்கிறது, விவரம் அறுந்துவிடுகிறது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' (சாகித்ய அகாதமி விருது, 1997) நினைவுக்கு வருகிறது. பெருமை மட்டும் மிஞ்சிய ஒரு பழங்குடும்பத்தில் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போவதை விற்பவனின் கூடத்திலிருந்து பார்த்து எழுதிய நாவல் அது. வாங்கியவனின் கூடத்திலிருந்து பார்த்து யாராவது எழுதியிருக்கிறார்களா, தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இரும்பைப் பற்றியும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. கோத்ரெஜ் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. சில தலைமுறைகளுக்குள் சீர்வரிசையில் மரப்பெட்டியின் இடத்தை பீரோ பிடித்துக்கொண்டது. நகை, பத்திரம், பட்டுச்சேலை மூன்றும் அதற்குள் போயின. நிலைக்கண்ணாடி பதித்த பீரோவின் முன் நின்று தலைவாராத மதுரைப் பெண் அந்நாளில் இருந்திருப்பாளா! பிளாஸ்டிக் நாற்காலி ஜனநாயகவாதி, கி.ரா.வின் கதையை இன்று எழுத முடியாமல் செய்துவிட்டது அதுதான். மரத்தூள் அட்டையில் செய்த அலமாரிக்கு மட்டும் மறுபிறவி கிடையாது. பிரித்தால் பொடியாகும். ஐம்பது ஆண்டு கழித்து யாருடைய வீட்டுக்கும் அது பழம்பொருளாகப் போகாது.

பழங்காநத்தத்திலும் வீடுகள் பிரிகின்றன. நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். நஞ்சையும் புஞ்சையும் சூழ நடுவில் மக்கள் வசித்த இடம். மேற்கே மாடக்குளம் கண்மாய். 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று பாண்டியர் கல்வெட்டுகள் மதுரையையே அந்தக் குளத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்கின்றன. நகரம் வந்து ஊரை விழுங்கி வெகுகாலமாகிவிட்டது. ரவுண்டானாவிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில், ஓட்டு வீடு ஒன்று வெறுமையாகி, வாசலில் கைமரங்களும் கதவுகளும் அடுக்கப்பட்டு, லாரிக்குக் காத்திருப்பதை ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். அவை தேக்காக இருப்பதில்லை. வேம்பும் பூவரசும் பனஞ்சட்டமும். காரைக்குடிக் கடைகளுக்கு இவை தேவைப்படா. பெரும்பாலும் விறகாகவே போகும். சென்ற முறை அப்படி ஒரு குவியலில் ஒரு மணை கிடந்தது. நடுவே குழிந்து வழவழப்பாக, எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டதோ. கேட்டு வாங்கி வந்தேன். அந்த வீட்டாரை எனக்குத் தெரியும் என்பதால், யார் வீட்டு மணை என்று யாரேனும் கேட்டால் இந்த ஒன்றுக்காவது பதில் இருக்கிறது.

சிற்ப நூல்கள் இடி விழுந்த மரத்தையும் சுடுகாட்டு மரத்தையும் கோயிலருகே நின்ற மரத்தையும் வீட்டுக்கு விலக்குகின்றன. பிரித்த வீட்டு மரத்தை விலக்கும் வழக்கு நம் ஆசாரிமார் வாயிலும் பெரியவர்கள் வாயிலும் வாழ்கிறது. தோஷத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும், ஒரு வீடு கலைந்ததால் வரும் இலாபத்தில் கை வைக்குமுன் கொஞ்சம் தயங்கு என்பதை நம் முன்னோர் தோஷம் என்ற பெயரில் சொல்லி வைத்தார்களோ என்னவோ.

ஆசாரியார் கதவின் பின்பக்கத்தை இழைக்கும்போது, கீல் இருந்த இடத்துக்குச் சற்று மேலே இரண்டு எழுத்துகள் தென்பட்டன. உளியால் வெட்டியவை. வீட்டுக்காரரின் விலாசமாக இருக்கலாம். மரத்தை அறுத்துக் கொடுத்த வாடியின் அடையாளமாகவும் இருக்கலாம். இழைப்புளியை நிறுத்தி என்னைப் பார்த்தார். இரண்டு இழைப்பில் போய்விடும் என்றார். வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எழுத்துகள் மேலே தெரியட்டும் என்று கதவைத் திருப்பிப் போட்டே கால் பொருத்தினார்.

மகள் இப்போது அதில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். சாவித்துளை அடைபடாமல் இருப்பதால் அவளுடைய பென்சில் அதன் வழியே அடிக்கடி கீழே விழுகிறது. நேற்று அடியில் ஒரு காலித் தீப்பெட்டியை ஒட்டி வைத்தோம்.